கொட்டிலில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளை ஓட வைத்தல்: காபரேற்றர் துப்புரவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஹொண்டாக்களுக்குக் குறைவில்லை. சி 50, சி 70, எம்டி 90, சிடி 125, சிபி 200 என்று எத்தனையோ கொட்டில்களிலும் விறாந்தை மூலைகளிலும் சாக்கு மூடிக் கிடக்கின்றன. சில 1995 இடப்பெயர்வோடு நின்றவை. சில, சொந்தக்காரர் வெளிநாடு போனதோடு நின்றவை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நிறுத்தி, பிறகு எடுக்க மனம் வராமல் விட்டவையும் உண்டு. கீழே உள்ளவை காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் சாமான்) பூட்டிய நாலு ஸ்ரோக் மோட்டார் சைக்கிள்களுக்கானவை. மற்றக் கம்பனிகளின் சைக்கிள்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கனகாலம் ஓடாத சைக்கிள். புதுப் பெற்றோல் விட்டு ஒருக்கா கிக் அடிச்சுப் பார்த்தால் என்ன?

அதுதான் முதலில் செய்யக் கூடாத வேலை. ராங்கிக்குள் இருக்கும் துருவும் பிசினும் புதுப் பெற்றோலோடு சேர்ந்து நேரே காபரேற்றருக்குள் இறங்கும். சிலிண்டர் சுவர் காய்ந்து, துருப்பொட்டு பிடித்திருந்தால் பிஸ்ரன் ரிங் கீறும். சைலென்சருக்குள்ளும் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள்ளும் எலி கூடு கட்டியிருக்கும். குளவி இன்னும் மோசம். காபரேற்றரின் மெல்லிய காற்றுக் குழாயின் வாயில் அது அப்பிவிடும் மண், வெளியே இருந்து பார்த்தால் சேறு தெறித்தது மாதிரித்தான் தெரியும்.

வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: எஞ்சின் சுற்றுகிறதா, ஒயில், மின்பொறி, பெற்றோல் ராங்கி, காபரேற்றர், பிரேக். காபரேற்றர் ஐந்தாவதாகத்தான் வருகிறது. ‘ஸ்ராட் ஆகவில்லை’ என்றவுடன் எல்லோரும் அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். பாதிக்கு மேல் பிழை வேறெங்கோ இருக்கும்.

செலவழிக்க முன் வேறு ஏதும் பார்க்க வேணுமா?

பதிவுப் புத்தகம். அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் சைக்கிளில் அடித்திருப்பவையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத சைக்கிளுக்கு எவ்வளவு செலவழித்தாலும் வீதி வரிப் பத்திரம் எடுப்பது பெரும்பாடு. பழைய ஸ்ரீ இலக்கம் என்றால், உரிமை உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்ற் அடிக்கக் கொடுக்கும்போது இலக்கம் பொறித்த இடத்தை அரைக்கவோ மணல் ஊதவோ விடாதீர்கள்.

கிக்கர் இறங்குதே இல்லை. எஞ்சின் இறுகிப்போச்சா?

ஏறி நின்று மிதிக்காதீர்கள். கிக்கர் தண்டின் பல் உடைந்தால் எஞ்சினையே பிளக்க வேண்டி வரும்.

பிளக்கைக் கழற்றுங்கள். கழற்ற முன் அதைச் சுற்றியுள்ள செம்மண் புழுதியை ஊதித் துடையுங்கள். வலிகாமத்தில் நின்ற சைக்கிள் என்றால் அந்தக் குழிக்குள் ஒரு கரண்டி மண் இருக்கும், அது அப்படியே சிலிண்டருக்குள் விழும். பிறகு ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் (ATF) அசிற்றோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 10 மில்லிலீற்றர் விடுங்கள். இவை இரண்டும் ஒன்றோடொன்று இலகுவில் பிரிந்துவிடும், ஆகவே குலுக்கிய கையோடு விட வேண்டும். கிடைக்காவிட்டால் டீசலும் எஞ்சின் ஒயிலும் போதும். இரண்டு மூன்று நாள் விடுங்கள், தினமும் கொஞ்சம் சேருங்கள்.

அதன்பின் ஆகக் கூடிய கியரில் போட்டு, பின் சில்லை இரண்டு கையாலும் முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். ஒரு நூலளவு அசைந்தாலே போதும், விட்டு விட்டுச் செய்தால் இளகும். இளகிய பின், பிளக் துளையைச் சீலையால் மூடிக்கொண்டு கிக்கரைக் கையால் அழுத்தி ஊறிய ஒயிலை வெளியேற்றுங்கள். ஒரு கிழமை கடந்தும் அசையாவிட்டால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றத்தான் வேண்டும். கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து இளக்கிய எஞ்சின்கள் ஓடும், ஆனால் புகைத்துக்கொண்டே ஓடும்.

எஞ்சின் ஒயில் பார்க்கக் கறுப்பாக இல்லை, மாற்றத்தான் வேணுமா?

மாற்றுங்கள். நின்ற எஞ்சினுக்குள் ஈரம் சேர்ந்திருக்கும். வடிக்கும்போது பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பழைய ஹொண்டாக்களில் கிளச் மூடிக்குள் ஒரு வலை வடிகட்டியும், பல மொடல்களில் அதோடு சுழல் வடிகட்டியும் உண்டு. அவற்றுக்குள் களிமண் போலப் படிந்திருப்பதைச் சுரண்டி எடுக்காமல் புது ஒயில் விட்டால் பாதி வேலைதான். சி 70 வகைக்கு ஏறத்தாழ 0.8 லீற்றர் போதும். அளவுக் குச்சியைத் திருகாமல், துளையில் சும்மா வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கார் ஒயில் வேண்டாம். இந்தக் கிளச் ஒயிலுக்குள் கிடப்பது, வழுக்கும். போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

பொறி வருகிறதா என்று சரியாகப் பார்ப்பது எப்படி?

பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உடலை எஞ்சின் உலோகத்தில் தொட வைத்து, பிளக் துளையில் இருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கிக் அடியுங்கள். நீலமாக, சொடுக்கும் சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மெல்லிய செம்மஞ்சள் என்றால் பலவீனம். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர்.

பொறி இல்லாவிட்டால் முதலில், பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயின்ற்றைப் பாருங்கள். எங்கள் உப்புக் காற்றில், முக்கியமாகக் காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கம் நின்ற சைக்கிள்களில், பொயின்ற் முனையில் சாம்பல் நிறப் படலம் கட்டியிருக்கும். 400 இலக்க உப்புக் கடுதாசியை மடித்து இரண்டு முறை இழுத்து, பிறகு ரின்னரில் நனைத்த வெள்ளைக் கடுதாசியை இழுத்துத் துடையுங்கள். கடைசித் துடைப்பை மறந்தால், உப்புக் கடுதாசியின் துகள் இடையில் நின்று மறுபடி பொறியைத் தடுக்கும். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பொயின்ற் திறக்கும்போது முனைகளுக்கிடையே பெரிய நீலப் பொறி பாய்ந்தால் கொண்டென்சர் போய்விட்டது.

சி 50, சி 70 போன்றவை மக்னெற்றோவில் (எஞ்சின் சுற்றும்போதே மின் உண்டாக்கும் காந்தச் சாமான்) பொறி எடுப்பதால் பற்றரி செத்திருந்தாலும் ஸ்ராட் ஆகும். சிபி 175, சிபி 200 போன்ற இரட்டைச் சிலிண்டர் சைக்கிள்கள் பற்றரியில் இருந்துதான் பொறி எடுக்கின்றன. அவற்றுக்கு நல்ல பற்றரி போடாமல் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ராங்கிக்குள் துரு. என்ன செய்வது?

விரலை விட்டுப் பாருங்கள். தூள் மாதிரி ஒட்டினால் அமிலக் கழுவல் போதும். செதிலாகப் பெயர்ந்து அடியில் கசிவும் இருந்தால் வெட்டி ஒட்டுகிறவரிடம் கொடுங்கள். பெற்றோல் இருந்த ராங்கிக்கு, எத்தனை வருடம் காய்ந்து கிடந்தாலும், உள்ளே தண்ணீர் நிரப்பாமல் வெல்டிங்கோ ஈயப்பற்றோ வைக்கக் கூடாது, வெடிக்கும்.

கழுவும் முறை: பழைய பெற்றோலை வடித்து, சவுக்காரத் தண்ணீர் விட்டுக் குலுக்கி எண்ணெய்ப் பசையை எடுங்கள். பசை இருக்கும் இடத்தில் அமிலம் வேலை செய்யாது. பெற்றோல் கட்டையை (ராங்கிக்கு அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் குழாய்) கழற்றி, அந்தத் துளையைப் பழைய ரியூப் துண்டு வைத்து அடையுங்கள். சிற்றிக் அமிலம் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 75 கிராம். 9 லீற்றர் ராங்கிக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய வரும். வினாகிரியும் சரி, ஆனால் தண்ணீர் சேர்க்காமல் விட்டு இரண்டு நாள் வைக்க வேண்டும், செலவும் கூட. வாய் வரை நிரப்புங்கள். அரைவாசி நிரப்பினால் மேல்பக்கத்துத் துரு அப்படியே இருக்கும், பிறகு அதுதான் உதிரும். சிற்றிக் அமிலத்தை 12 முதல் 24 மணித்தியாலம் வைத்தால் போதும். கூடுதலாக விட்டால் நல்ல இரும்பையும் தின்னும்.

கொட்டியவுடன், ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்த தண்ணீரால் அலசுங்கள். பிறகு கால் லீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கி வடித்து, வெயிலில் வாயை மேலே வைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். ஈர இரும்பில் பத்து நிமிடத்தில் செம்மஞ்சள் படலம் ஏறிவிடும், ஆகவே அலசலுக்கும் ஸ்பிரிட்டுக்கும் நடுவில் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். காய்ந்ததும் 100 மில்லிலீற்றர் 2T ஒயிலும் (இரண்டு ஸ்ரோக் எஞ்சினுக்கான ஒயில்) அதே அளவு பெற்றோலும் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டி வையுங்கள்.

பெற்றோல் கட்டையின் உள்வலையையும் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். பூட்டிய பின் கட்டையைத் திறந்து போத்தலில் பிடித்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 மில்லிலீற்றர் தடையின்றி வர வேண்டும். தொடக்கத்தில் நன்றாக வந்து பிறகு நூலாகக் குறைந்தால் மூடித் துளை அடைத்திருக்கிறது.

காபரேற்றரைக் கழற்றாமல், ராங்கிக்குள் விடுகிற மருந்தால் துப்புரவாகாதா?

ஆறு மாதம் நின்ற சைக்கிளுக்கு ஓரளவு ஆகலாம். வருடக்கணக்கில் நின்றதற்கு ஆகாது. அடைத்துப்போன துளை வழியாகப் பெற்றோலே போகாதபோது மருந்து எப்படிப் போகும்?

கழற்ற என்னென்ன ஆயுதம் வேண்டும்?

8, 10 மில்லிமீற்றர் ஸ்பனர், மூக்குக் குறடு, அகலமும் தடிப்பும் சரியான தட்டை ஸ்குறூ டிறைவர், ஒரு வெள்ளைத் தட்டு அல்லது தாச்சி, கைத்தொலைபேசிக் கமரா. இவற்றோடு ஜப்பான் நியமத்து நட்சத்திர ஸ்குறூ டிறைவர் ஒன்று. சாதாரண நட்சத்திர ஸ்குறூ டிறைவர் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஜப்பான் ஸ்குறூவில் முழு ஆழத்துக்கு இறங்காது. வழுக்கித் தலையை வட்டமாக்கிவிடும். அடியில் பெற்றோல் தங்கும் கிண்ணத்தின் ஸ்குறூ நாலும் சிதைந்துபோன காபரேற்றர்களுக்கு இதுதான் காரணம். கிடைக்காவிட்டால் சாதாரணமானதன் கூர்முனையைக் கொஞ்சம் அரைத்துத் தட்டையாக்குங்கள். திருப்ப முன் ஸ்குறூவின் தலையில் ஒருமுறை தட்டுவதும் உதவும்.

ஜெற்கள் (பெற்றோலை அளந்து விடும் சிறு துளைச் சாமான்கள்) பித்தளை, மென்மையானவை. பிளவின் முழு அகலத்துக்கும் பொருந்தாத ஸ்குறூ டிறைவரால் தொடாதீர்கள்.

கிண்ணம் கழன்றது, உள்ளே பச்சையாகவும் வெள்ளையாகவும் படிந்திருக்கிறது. இது என்ன?

பச்சை, பித்தளையின் களிம்பும் காய்ந்த பெற்றோலின் பிசினும் கலந்தது. அடியில் இருக்கும் வெள்ளைத் தூள் பெற்றோலோடு வந்த தண்ணீர் உலோகத்தைத் தின்ற அடையாளம். பச்சை கரையும். வெள்ளை கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் குழி ஆழமாக இருந்தால் பக்கிங் உட்காரும் விளிம்பு வரை போயிருக்கிறதா என்று பாருங்கள்.

கிண்ணத்துக்குள் மிதக்கும் புளோற்றின் அச்சு ஊசி கழலுதில்லை.

அவசரப்படாதீர்கள். ஊசியைத் தாங்கும் இரண்டு சிறு தூண்களும் உடலோடு சேர்த்து வார்த்தவை. ஒன்று முறிந்தால் காபரேற்றர் குப்பைக்குத்தான். ஊசியின் ஒரு முனை பருத்திருக்கும் அல்லது ஒரு தூணில் இறுக்கமாக இருக்கும். எந்தப் பக்கம் என்று பார்த்து, மற்றப் பக்கத்தில் இருந்து தள்ள வேண்டும். முதலில் ரின்னர் விட்டு ஒரு இரவு வையுங்கள், பிறகு தலைமயிர் உலர்த்தியால் சூடாக்குங்கள் (ரின்னர் முழுதாகக் காய்ந்த பின்தான், மூடிய அறைக்குள் அல்ல). தள்ளும் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் விரலாலோ மரத்துண்டாலோ முட்டுக் கொடுத்து, மெல்லிய கம்பியால் அழுத்துங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

சரி, எப்படித் துப்புரவாக்குவது? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.

பெற்றோலில் ஊற வைத்துப் பல் துலக்கும் பிறசால் தேய்த்து வைப்பதைத்தான் பலர் துப்புரவு என்கிறார்கள். வெளி உடல் மினுங்கும், சைக்கிள் மறுபடி ‘சோக்’ (காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் பிடி) போட்டால்தான் ஓடும். காபரேற்றருக்குள் மறைவாக ஓடும் ஒவ்வொரு வழியிலும் ஒரு பக்கம் விட்ட திரவம் மறுபக்கம் வருவதைக் கண்ணால் காண வேண்டும். காணாத வழி அடைபட்டதாகவே கணக்கு.

முதலில் ரப்பர் எல்லாம் வெளியே: ஓ ரிங், பக்கிங், கிண்ணத்துக்குள் பெற்றோல் வரும் வழியை மூடும், ரப்பர் நுனி கொண்ட நீடில் வால்வு, பிளாஸ்ரிக் புளோற். சிபி 350 போன்றவற்றில் மேல் மூடிக்குள் மெல்லிய ரப்பர்த் தோல் இருக்கும். அதில் காபரேற்றர் ஸ்பிறே ஒரு துளி பட்டாலும் வீங்கி நெளியும். கலவை ஸ்குறூவைக் கழற்ற முன், அதை உள்ளே மெதுவாகத் திருப்பி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள்; இறுக்கினால் கூர்முனை வளையம் விழும், துளையும் அகலும். அந்த ஸ்குறூவோடு ஒரு சுருள்வில், ஒரு சின்ன வோஷர், ஒரு ஓ ரிங் என்று மூன்று சாமான் வரை வரலாம். ஓ ரிங் இருந்தால் அநேகமாக உள்ளேயே ஒட்டி நிற்கும்.

பிறகு வேக ஓட்டத்துக்கான மெயின் ஜெற், அதைத் தாங்கும் குழாய், அதற்குமேல் உள்ள துளை நிறைந்த குழாய், மெதுவான ஓட்டத்துக்கான பைலற் ஜெற். சிலவற்றில் பைலற் ஜெற் அழுத்திப் பூட்டியது, கழலாது. பிளவு இல்லாவிட்டால் இழுக்க முயல வேண்டாம். ஜெற்றின் இலக்கங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

உடலையும் பித்தளைச் சாமான்களையும் ரின்னரும் அசிற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஒரு இரவு ஊற விடுங்கள். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும், காய்ந்த பிசினில் அதற்கு வேலையில்லை. வெளியில், அடுப்புக்கும் சுவிச்சுக்கும் தூரத்தில், கையுறையோடு செய்யுங்கள்.

ஊறியபின் பைலற் ஜெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கேஹின் ஜெற்றில் 38 என்று இருந்தால் துளை ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர். வட்டமான, கூர்மையான ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி அல்லது மங்கலாகத் தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. வளையும் வயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றை எடுங்கள், அநேகமாக 0.2 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கும். அதைச் செருகி முன்பின்னாக இழுங்கள். தையல் ஊசி, துளைபோடும் ஊசி, உருக்குக் கம்பி ஒன்றும் வேண்டாம். துளையை அரை நூல் பெருப்பித்தாலும் கலவை கெட்டுவிடும்.

உடலில் பார்க்க வேண்டிய வழிகள் இவை. காற்றுப் பெட்டிப் பக்கத்து வாயில் இரண்டு சிறு காற்றுத் துளைகள்: ஒன்று மெயினுக்கு, மற்றது பைலற்றுக்கு. எஞ்சின் பக்கம், அக்சிலேற்றரோடு ஏறி இறங்கும் சிலைட் இறங்கும் இடத்தை ஒட்டி, ஊசி முனையளவான ஒன்று அல்லது மேற்பட்ட துளைகள். கலவை ஸ்குறூவின் துளை. சோக் வழி. கிண்ணத்தின் காற்றுக் குழாய்; குளவி மண் அடைப்பது இங்கேதான். ஸ்பிறேயின் சிவப்புக் குழாயை பைலற் ஜெற் இருந்த துளைக்குள் வைத்து அழுத்துங்கள். எஞ்சின் பக்கத்துச் சிறு துளைகள் ஒவ்வொன்றிலும் நூல் மாதிரிப் பீறிட வேண்டும். ஒன்றில் மட்டும் வராவிட்டால் மற்றவற்றை விரலால் பொத்திக்கொண்டு மறுபடி அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்பாராத துளையால் கண்ணுக்கு நேரே அடிக்கும்.

கடைசியாகக் காற்று. ரயர்க்கடைக் கொம்பிறெசரில் பிடிப்பதென்றால் முதலில் அதன் அடியில் இருக்கும் தண்ணீரை வடிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் வெளியே ஊதிப் பாருங்கள். எங்கள் ஈரக்காற்றில் அதற்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும். துப்புரவாக்கிய துளைக்குள் அதை ஊதினால் பட்ட பாடு போச்சு.

தேசிக்காய்ப் புளி விட்டு அவித்தால் புதுசு மாதிரி வருமென்கிறார்களே?

வெளிக் கறை போகும், உண்மைதான். ஆனால் காபரேற்றர் உடல் நாகம், அலுமினியம் கலந்த வார்ப்பு. அமிலம் அதையும் தின்னும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் சாம்பல் நிறமாகிச் சொரசொரத்துவிடும். பிசினை அமிலம் அவ்வளவாகக் கரைக்காது. செய்தே தீர வேண்டுமென்றால் ஜெற்களைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடத்துக்குள் எடுத்து, அப்பச்சோடாத் தண்ணீரிலும் பிறகு பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரிலும் அலசுங்கள். கிணற்றுத் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம். சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர் காய்ந்தால் கேத்தலுக்குள் படிவது காபரேற்றர்த் துளைக்குள்ளும் படியும். சலவைச் சோடாவும் கோஸ்ரிக் சோடாவும் பக்கத்திலேயே வர வேண்டாம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய சைக்கிள். அதற்குத் தனியாக ஏதும் பார்க்க வேணுமா?

வேண்டும். 1990களில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சின்களில் மூன்று இடங்கள் சந்தேகத்துக்குரியவை. ஒன்று, பிஸ்ரன் தலையிலும் புகை வால்விலும் தடித்த கரி. வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் குறைந்திருக்கும். அமுக்கம் அளக்கும் கேஜ் இருந்தால், அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து கிக் அடித்துப் பாருங்கள், 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே என்றால் 5 மில்லிலீற்றர் ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. இரண்டு, ஜெற். மண்ணெண்ணெய் ஓட்டத்துக்கென்று யாராவது துளையைப் பெருப்பித்திருக்கலாம். இலக்கம் சரியாக இருந்தாலும் துளை வட்டமில்லாமலோ சுரண்டலாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்று, பெற்றோல் சொட்டு விடுவதற்காக உறிஞ்சு குழாயில் துளை போட்டு, பிறகு மெழுகாலோ பசையாலோ அடைத்திருப்பது. அதால் காற்று இழுத்தால் எந்தக் கலவையும் நிலைக்காது.

புளோற் மட்டம் எவ்வளவு?

மொடலுக்கு மொடல் வேறு. வேலைக் கைந்நூலில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அளக்கும் விதம் பொது. காபரேற்றரைச் சாய்த்துப் பிடித்து, புளோற்றின் நாக்கு நீடில் வால்வின் சிறு குமிழைத் தொட்டும் அமுக்காத நிலையில், கிண்ணம் பொருந்தும் விளிம்பில் இருந்து புளோற்றின் தூர முனை வரை அளவுங்கள். கவிழ்த்து வைத்து அளந்தால் புளோற்றின் பாரம் குமிழை அமுக்கிப் பிழையான அளவு வரும்.

பித்தளைப் புளோற்றைக் காதருகே குலுக்குங்கள். சலசலத்தால் ஓட்டை. சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம்தான் பிழை. உள்ளே இருக்கும் பெற்றோலை முழுதாக வெளியேற்றிய பின்பே ஈயம் வைக்கலாம், அதுவும் மிகக் கொஞ்சம். பாரம் கூடினால் மட்டம் மாறும்.

பூட்டியாச்சு. கலவை ஸ்குறூவை எவ்வளவு திறப்பது?

எழுதி வைத்த எண்ணிக்கை, இல்லாவிட்டால் ஒன்றரைச் சுற்று. பத்து நிமிடம் ஓடி எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, ‘சிலோ’வை (அக்சிலேற்றரை முறுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 1200 அல்லது 1300 சுற்றில் வையுங்கள். கலவை ஸ்குறூவைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி பொறுத்து, எஞ்சின் ஆகக் கூடிய வேகத்தில் சீராக ஓடும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு சிலோவைக் குறையுங்கள். ஸ்குறூ காற்றுப் பெட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது: உள்ளே திருப்பினால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர்மாறு. இதைப் பார்க்காமல் திருப்புவதால்தான் பாதிச் சண்டை.

சிலைட் பூட்டும்போது ஒரு கவனம்: வெட்டிய பக்கம் காற்றுப் பெட்டியைப் பார்க்க வேண்டும், நீளத் தவாளிப்பு உள்ளே நிற்கும் முளையில் உட்கார வேண்டும். மாறிப் பூட்டினால் அக்சிலேற்றர் முழுதாகத் திறந்தபடி நிற்கும். ஸ்ராட் செய்ய முன் அக்சிலேற்றரை முறுக்கிவிட்டு, ‘டக்’ என்று தானாக மூடும் சத்தத்தைக் கேளுங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் கேளுங்கள்.

இரண்டு காபரேற்றர் உள்ள சைக்கிளில் ஒன்று முந்துது, ஒன்று பிந்துது.

முதலில் கண்ணளவு. ஒரே அளவான இரண்டு 3 மில்லிமீற்றர் துளைபோடும் ஊசிகளின் வழுவழுப்பான பக்கத்தை இரண்டு சிலைட்டின் அடியிலும் வைத்து, அக்சிலேற்றரை மெல்லத் திறவுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் இளக வேண்டும். இளகாவிட்டால் கேபிள் சீராக்கியைத் திருப்புங்கள். பிறகு ஓட விட்டு, ஒவ்வொரு பக்கப் பிளக் வயரையும் மாறி மாறிக் கழற்றி, அதை எஞ்சின் உலோகத்தில் தொடுத்து வைத்து, மற்றச் சிலிண்டர் தனியே எப்படி ஓடுகிறதென்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வேகம் குறைய வேண்டும். உறிஞ்சு குழாயில் வெற்றிடக் கேஜ் பூட்ட ஸ்குறூ துளை இருந்தால் கேஜ்தான் மேல். ஆனால் பொயின்ற்றும் வால்வு இடைவெளியும் சரியில்லாத எஞ்சினில் காபரேற்றரைச் சமப்படுத்த முடியாது. முந்துவது பிந்துவது எல்லாம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

இந்தக் குணங்களுக்கு எதைச் சந்தேகிப்பது?

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது: பைலற் வழி அடைப்பு, அல்லது காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்று இழுக்கிறது. ஓட விட்டு அந்தப் பொருத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் காற்றுதான். நட்டை இன்னும் இறுக்கிப் பயனில்லை, இறுக்கி இறுக்கித்தான் தட்டு வளைந்திருக்கும். கண்ணாடியில் 320 இலக்க உப்புக் கடுதாசியை வைத்துத் தேய்த்துத் தட்டையாக்கி, புது ஓ ரிங் போடுங்கள்.

அரை அக்சிலேற்றர் வரை நன்றாகப் போய், முழுதாகத் திறந்தால் முக்குகிறது: மெயின் ஜெற், அல்லது ராங்கியில் இருந்து பெற்றோல் வரத்துக் குறைவு.

சிலோ ஏறினால் இறங்க மாட்டாமல் நிற்கிறது: காற்று இழுக்கிறது, அல்லது கேபிள் இறுக்கம்.

கிண்ணத்துக் குழாயால் பெற்றோல் வடிகிறது: நீடில் வால்வின் இருப்பிடத்தில் அழுக்கு. பஞ்சுக் குச்சியில் பித்தளை மினுக்கும் பசையைத் தொட்டுச் சுழற்றித் துப்புரவாக்கி, நன்றாக அலசுங்கள். அதுவும் சரிவராவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

புதுக் காபரேற்றர் மலிவாக விற்கிறார்களே, இந்தப் பாடெல்லாம் எதற்கு?

பார்வைக்கு அச்சொட்டாக இருக்கும் போலிகளில் ஜெற் இலக்கமும் சிறு துளைகளின் இடமும் அசலோடு ஒத்துப்போவதில்லை. ஸ்ராட் ஆகும், சிலோவில் ஓடும், நடு அக்சிலேற்றரில் இழுவை இருக்காது, பெற்றோலும் கூடக் குடிக்கும். தூண் முறியாத, விளிம்பு தின்னாத அசல் உடல் இருந்தால் அதை விடாதீர்கள். திருத்தும் கிற் ஒன்று வாங்கி அதன் ரப்பரையும் பக்கிங்கையும் பயன்படுத்துங்கள். பித்தளை ஜெற்கள் தேயாமல் இருந்தால் பழையவற்றையே போடுங்கள். யாழ்ப்பாணத்தில் கிடைக்காத சாமானுக்கு கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்கலாம். போகும்போது காபரேற்றரின் உடலில் அடித்திருக்கும் எழுத்தையும் இலக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சைக்கிளின் பெயரை மட்டும் சொன்னால் ஒரே பெயரில் மூன்று வகைச் சாமான் வரும்.

எஞ்சின் ஓடுது. இனி வீதியில் இறக்கலாமா?

பிரேக் பார்க்காமல் வேண்டாம். நின்ற சைக்கிளின் பிரேக் கட்டையில் ஒட்டிய பட்டி முழுதாகக் கழன்று ட்றமுக்குள் சிக்கிச் சில்லைப் பூட்டிவிடும். ட்றமைத் திறந்து, தூசை ஊதாமல் ஈரச் சீலையால் துடையுங்கள்; பழைய பட்டிகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ரயர்ப் பக்கத்தில் நாலு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்திய ரயர், பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றி எறியுங்கள்.

மாரி மழைக்கு இரண்டு மூன்று மாதம் நிற்பாட்ட வேண்டி வந்தால்?

பெற்றோல் கட்டையை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடி ஸ்குறூவைத் திறந்து வடித்து விடுங்கள். ஓட விட்டுத் தானாக நிற்கும்வரை பார்ப்பதைவிட இது நல்லது, அப்படி நின்றாலும் அடியில் கொஞ்சம் தங்கும். ராங்கியை வாய்வரை நிரப்புங்கள். வெறும் இடத்தில்தான் ஈரம் துளிர்த்துத் துருவாகும். பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிக்கரைக் கையால் இரண்டு முறை இறக்குங்கள். சைலென்சர் வாயையும் காற்றுப் பெட்டி வாயையும் சீலையால் அடைத்து, அடைத்ததை நினைவூட்ட ஹாண்டிலில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்ராட் செய்து நிறுத்தும் வழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூடேறாது, எரிவில் வந்த தண்ணீர் ஒயிலுக்குள்ளும் சைலென்சருக்குள்ளும் தங்கும். ஓடுவதென்றால் ஒரு அரை மணித்தியாலம் வீதியில் ஓடுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள்.